பழையபேட்டையில் லிப்ட் இல்லை

ஆம்பூர்
3.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நீயும் பெனிட்டா அண்ணியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். நான் சுகம். சித்திக்கு முட்டியில் வலி. வாயில் ஒரு வலியும் இல்லை, அது நன்றாக வேலை செய்கிறது.

போன் பண்ணாதே, ஆபீஸ் முகவரிக்கு எழுது என்று நீ சொன்னதால் இன்லேண்டு லெட்டர் வாங்கி எழுதுகிறேன். தபால் ஆபீஸ் இருதயராஜ் சார் சிரிக்கிறார். "இன்னாமா, இந்தக் காலத்துல யாருக்கு இவ்ளோ லெட்டரு? லவ்வா?" என்கிறார். "எங்க அண்ணனுக்கு சார். அவரு பெரிய ஆபீசரு, போனெல்லாம் எடுக்கமாட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விஷயம் இதுதான். கம்பெனி எங்கள் ஷூ யூனிட்டை நாட்றம்பள்ளிப் பக்கம் மாற்றுகிறது. எல்லோரும் வேனில்தான் போக வேண்டும். ஒரு கம்பெனி வேன் கவிழ்ந்து என் இரண்டு காலும் போனது போதும், இன்னொரு வேனில் நான் ஏறமாட்டேன். இங்கே வீட்டில் சித்தி மகன் ஜான்சனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது. சித்தியின் இரண்டு அறை வீட்டில் என் சக்கர நாற்காலி திரும்பவே இடம் இல்லை, புதுப்பெண் எங்கே நிற்பாள்? ஒடுகத்தூர்ப் பக்கம் என்னைப் போன்றவர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறதாம். சித்தி போய் விசாரித்துவிட்டே வந்துவிட்டாள். காலையில் ஜெபம், மதியம் கஞ்சி, சாயங்காலம் ஜெபம். எனக்கு முப்பத்தொரு வயதுதான் ஆகிறது, அண்ணா. அங்கே போனால் பிணமாகத்தான் வெளியே வருவேன்.

ஆனால் கர்த்தர் ஒரு கதவைத் திறந்திருக்கிறார். சென்னையில் ஷூவை ஆன்லைனில் விற்கிற ஒரு கம்பெனி, வாங்கினவர்களின் புகாரைப் போனில் கேட்க ஆள் எடுக்கிறது. தோல் தெரிந்தவர்கள் வேண்டுமாம். செக்கிங் டேபிளில் இருக்கிற எனக்குத் தெரியாத தோலா? போனில் பேசிப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஹாஸ்டல் தருகிறார்கள், மெட்ரோ பாஸும் தருகிறார்கள். புதிதாகத் திறக்கப்போகிற ஆபீஸ் எங்கே தெரியுமா? பழையபேட்டை மெட்ரோ நிலையத்துக்கு எதிரில். உன் வீடும் ஆபீஸும் இருக்கிற பக்கம்!

ஆள் எடுக்கிறவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், அதனால் ஒன்றே ஒன்று கேட்டார்கள், "நிலையத்தில் லிப்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று. நான் சிரித்துவிட்டேன். ஊரிலுள்ள மெட்ரோ நிலையங்களில் எத்தனை லிப்ட், எத்தனை படி, சாய்வுப் பாதை எந்தப் பக்கம் என்று கணக்கெடுத்து, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுகிறவனே என் அண்ணன்தானே! உடனே பதில் போடு. அண்ணியைக் கேட்டதாகச் சொல். இந்தத் தடவையாவது நேரில் பார்க்கிறேன்.

உன் தங்கை
ஹெலன்

சென்னை
28.6.2025

அன்புள்ள ஹெலனுக்கு,

கர்த்தரின் சமாதானம் உன்னோடிருப்பதாக. இங்கே அனைவரும் நலம். வேலை ஜாஸ்தி, அதனால்தான் தாமதம்.

உனக்கு வேலை கிடைக்க இருப்பதை அறிந்து மகிழ்ச்சி. ஆனால் சொல்ல வருத்தமாக இருக்கிறது. பழையபேட்டை நிலையத்தில் லிப்ட் இல்லை. தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். படிகள் செங்குத்தானவை, நல்ல காலுள்ளவர்களே மூச்சு வாங்கித்தான் ஏறுகிறார்கள். உன்னால் முடியாது. வீணாக ஆசையை வளர்த்துக்கொள்ளாதே.

சித்தி சொல்கிற இல்லத்தைப் பற்றி நானும் கேள்விப்பட்டேன். நல்ல காற்றோட்டமான இடம் என்கிறார்கள். யோசித்துப் பார். அங்கே இறைவார்த்தை தினமும் கிடைக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்
பிரேம்நாத்

ஆம்பூர்
4.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம், ஆனால் பயங்கரக் கோபத்தில் இருக்கிறேன். உன்மேல் இல்லை, பயப்படாதே.

என் பக்கத்தில் உட்கார்ந்து செக்கிங் பார்க்கிற உமைமாவிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். அவள் போனில் உங்கள் ஆபீஸ் தளத்தைத் திறந்தாள். பழையபேட்டை என்று போட்டால் என்ன வருகிறது தெரியுமா? "லிப்ட்: உண்டு." எவ்வளவு திமிர்! உன்னோடு வேலை செய்கிறவர்கள் யாரோ இல்லாத லிப்ட்டை இருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவள் அதை நம்பி நாற்காலியோடு போய் இறங்கினால் அந்தப் படிக்குக் கீழே உட்கார்ந்து அழ வேண்டியதுதானே?

எங்கள் டேபிளில் தையல் பிசகின ஜோடியைப் பாஸ் பண்ணினால் செக் பண்ணினவளின் நம்பர் அதிலேயே இருக்கும். சூப்பர்வைசர் நேரே வந்து நிற்பார். பிசகு கண்ணில் பட்டால் வெள்ளிப் பேனாவால் ஓர் அம்புக்குறி போடாமல் நான் விட்டதே இல்லை. அந்தத் தளத்தில் அடியில் ஒரு பெட்டி இருந்தது. "தகவலில் பிழை இருந்தால் தெரிவிக்கவும்." சும்மா விடுவேனா? உமைமா தட்டினாள், நான் சொன்னேன். "பழையபேட்டையில் லிப்ட் இல்லை. என் அண்ணன் தினமும் அந்த வழியாகப் போகிறான். தயவுசெய்து திருத்தவும். ஹெலன், ஆம்பூர்." அனுப்பிவிட்டோம். நல்லா வேணும் அவங்களுக்கு!

வேலையை நான் விடப்போவதில்லை. முதல் நாள் மட்டும் நீயும் உன் நண்பர்கள் இரண்டு பேரும் என்னை நாற்காலியோடு தூக்கி மேலே விடுங்கள். அந்த ஆபீஸில் நான் பேசிக்கொள்கிறேன், வேறு வழி ஏதாவது செய்வார்கள். உன் கல்யாணத்துக்குத்தான் மண்டபம் மாடியில், லிப்ட் இல்லை என்று வரமுடியாமல் போய்விட்டது. போட்டோவில் அண்ணியைப் பார்த்ததோடு சரி. உலகத்தில் இருக்கிற படியெல்லாம் என் அண்ணனுக்கும் எனக்கும் நடுவில்தான் கட்டியிருக்கிறார்கள் போல.

எந்தத் தேதி வரட்டும்?

ஹெலன்

சென்னை
22.7.2025

அன்புள்ள ஹெலனுக்கு,

சமாதானம் உண்டாவதாக. எல்லோரும் நலம்.

யாரைக் கேட்டு அந்தப் புகாரை அனுப்பினாய்? அந்தப் பெட்டியில் போடுவதெல்லாம் என் மேசைக்குத்தான் வருகிறது. நல்ல வேளை, வேறு யாரும் பார்ப்பதற்குள் நான் பார்த்தேன். இனி எதையும் அனுப்பாதே. அனுப்பியதை நான் பார்த்து முடித்துவிடுகிறேன்.

வருகிற மாதம் முழுவதும் வெளி நிலையங்களில் எனக்குக் கணக்கெடுப்பு. ஊரில் இருக்கமாட்டேன். நண்பர்களைத் தூக்கச் சொல்வதெல்லாம் நடக்கிற காரியமா? நாலு பேர் பார்க்கிற இடம். நீ இப்போது வராதே.

பிரேம்நாத்

ஆம்பூர்
11.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். சுகமா? அண்ணி சுகமா? நான் இருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தி. "தங்கள் திருத்தம் சரிபார்க்கப்பட்டு ஏற்கப்பட்டது, நன்றி" என்று உமைமா போனுக்கு வந்தது. தளத்தைத் திறந்தால் "லிப்ட்: இல்லை" என்று மாற்றிவிட்டார்கள். எட்டாம் வகுப்பு படித்தவள் சொன்னதைக் கேட்டு ஊருக்கே மாற்றிவிட்டார்களே என்று அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. டேபிளில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "சாரி மேடம், உங்கள எடுக்கணும்னுதான் இருந்தோம். வீல்சேர்ல வர்றவங்களுக்கு ஸ்டேஷன்ல லிப்ட் இருந்தாத்தான் எடுக்கலாம்னு எங்க மேலிடத்துல சொல்லிட்டாங்க. பழையபேட்டையில லிப்ட் இல்லைன்னு பப்ளிக் டேட்டாவிலயே போட்டிருக்கு. யாரோ கம்ப்ளெயின்ட் பண்ணி இப்பத்தான் மாத்தியிருக்காங்க" என்றாள்.

அந்த யாரோ நான்தான் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

என் வேலையை என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன், அண்ணா. ராத்திரியெல்லாம் அழுதேன். சித்தி வந்து, "இன்னாத்துக்கு அழுவுற, ஒடுகத்தூர்ல இடம் காலியா இருக்குதாம்" என்றாள், ஆறுதல் சொல்கிறாளாம். ஆனால் உண்மையைத்தானே எழுதினேன்? வேறு ஒருத்தி அங்கே போய் ஏமாறமாட்டாள் அல்லவா? அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

ஹெலன்

சென்னை
16.8.2025

என் அன்புத் தங்கை ஹெலனுக்கு,

நம் ஆண்டவரின் மிகுந்த கிருபையும் சமாதானமும் உன்னோடு என்றென்றும் இருப்பதாக. உன் கடிதம் கண்டு என் கண்கள் கலங்கின. உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மனதைத் தளரவிடாதே. தேவன் ஒன்றை எடுத்தால் அதிலும் மேலானதைத் தருவார். நீ செய்தது மிகவும் சரியான காரியம். உண்மையை எழுதினாய். உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. சென்னை உனக்கு ஏற்ற ஊர் இல்லை, ஹெலன். புகை, நெரிசல், யாரையும் யாரும் பார்க்காத ஊர். ஒடுகத்தூரில் மலைக்காற்று வரும். நிலக்கடலைக் காலத்தில் பச்சைக் கடலை அவித்துத் தருவார்கள். நீ சேர்ந்த பிறகு மாதம் ஒருமுறை நானே வந்து பார்க்கிறேன். உனக்கு மெத்தை ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன், முதுகு வலிக்காது.

உன்னை எப்போதும் ஜெபத்தில் நினைக்கிற
அண்ணன் பிரேம்நாத்

ஆம்பூர்
20.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். சுகமா. மெத்தை வந்தது. இத்தனை சீக்கிரம் நீ எனக்குப் பதில் போட்டதே இல்லை என்று அப்போதே நினைத்தேன். சந்தோஷத்தில் அதை மடித்து வைத்துவிட்டேன்.

போன வாரம் உமைமா, தன் அத்தை அஜீஸுன்னிசாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சென்னை போனாள். "உங்க அண்ணன் ஸ்டேஷனப் பாத்துட்டு வர்றேன், ஹெலன்" என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். வந்து என் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறாள். "இன்னாடி, பேஜார் பண்ணாம சொல்லுடி" என்று அதட்டினேன். அழுதுகொண்டே போனைக் காட்டினாள்.

பழையபேட்டையில் இரண்டு பக்கமும் லிப்ட் இருக்கிறது. அவள் அதில் ஏறிப் போகிற படம் எடுத்து வந்திருக்கிறாள். உள்ளே ஒரு சக்கர நாற்காலி தாராளமாக நிற்கும்.

புதிதாகக் கட்டினார்களா, அண்ணா? நீ எழுதும்போது இல்லை, அதற்குப் பிறகு கட்டிவிட்டார்கள் என்று எழுது. நான் நம்புகிறேன். உமைமாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். "ரெண்டு மாசத்துல லிப்ட் கட்டுவாங்களா?" என்று கேட்டாள். "சென்னையில கட்டுவாங்கடி" என்றேன்.

நீ எழுது. அது போதும்.

ஹெலன்

ஆம்பூர்
18.10.2025

அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். பதில் இல்லை. உடம்பு சரியில்லையா என்று பயமாக இருக்கிறது. திட்டியாவது ஒரு வரி எழுது. அடுத்த மாதக் கடைசியில் என்னை இல்லத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஹெலன்

சென்னை
6.11.2025

ஹெலனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

இங்கே ஒரு பெரிய சிக்கல். ஊன்றுகோல் வைத்து நடக்கிற ஒரு பெரியவர், பழையபேட்டையில் லிப்ட் இல்லை என்று போனில் பார்த்துவிட்டுப் படியில் ஏறியிருக்கிறார். பாதியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவருடைய மகன் விடாமல் எழுதியதால் விசாரணை வைத்துவிட்டார்கள். தவறான தகவலை யார் கொடுத்தது, யார் ஏற்றது என்று கேட்கிறார்கள். கொடுத்தது நீ. உன் பெயர்தான் இருக்கிறது. நான் பொதுமக்கள் சொன்னதை நம்பி ஏற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

இத்துடன் ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். நிலையத்தை நேரில் பார்க்காமல், விவரம் தெரியாமல் பிழையாகப் புகார் செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று இருக்கும். கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. படித்தவள் இல்லை, மாற்றுத்திறனாளி, உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். எனக்கு வேலை போய்விடும். புகாரில் அண்ணன் அது இது என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "எனக்கு அண்ணன் யாரும் இல்லை, நம்பும்படி இருக்கட்டும் என்று அவ்வாறு எழுதிவிட்டேன்."

லிப்ட் விஷயத்தைக் கேட்காதே. எனக்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. குடும்பம் என்று ஒன்று இருந்திருந்தால் உனக்குப் புரிந்திருக்கும். கவரில் தபால்தலை ஒட்டியிருக்கிறேன்.

பிரேம்நாத்

ஒடுகத்தூர்
2.12.2025

பிரேம்நாத் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்பதை நேரிலேயே பார்த்துவிட்டேன். நானும் இங்கே வந்து சேர்ந்துவிட்டேன்.

உங்கள் மனைவி என்னிடம் என்ன பேசினார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கடைசியில்தானே வந்தீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்தக் காகிதம் வந்த அன்றைக்குக் கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். விழுந்த பெரியவரை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பேரில் போன பிசகுதானே அது. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துப் போட வேண்டும் என்று இருந்தது. ஒரு வார்த்தை, ஏன் என்று மட்டும் சொன்னால் போதும், வேலை போகாமல் காப்பாற்றிவிட்டு வந்துவிடலாம் என்று உமைமாவைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன்.

பழையபேட்டையில் இறங்கினேன். லிப்ட்டில் போனேன். கதவு தானாகத் திறந்தது. வெளியே வந்து, திரும்ப உள்ளே போய், மறுபடியும் கீழே இறங்கி மேலே ஏறினேன். உமைமா, "போதும் வாடி, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். பார்க்கட்டும் என்றேன். அந்தச் சந்தோஷம் அவ்வளவு நேரம்தான் நின்றது.

ஆபீஸில் நீங்கள் லீவு என்றார்கள். வீடு எதிர்த் தெருதான் என்று வாட்ச்மேன் வழி காட்டினார். கீழ் வீடு. வாசலில் ஒரே ஒரு படி, அதற்கும் உங்கள் மனைவியே ஓடி வந்து நாற்காலியை ஒரு பக்கம் பிடித்தார். "யாருங்க நீங்க?" என்று கேட்டார். "ஆம்பூர்ல இருந்து வர்றேன்" என்றேன். அதற்குமேல் சொல்வதற்குள் அவர் என் நாற்காலியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நீங்களும் அந்த வேன்ல இருந்தீங்களா? எங்க வீட்டுக்காரரு தங்கச்சி ஹெலனோட வேலை செஞ்சவங்களா?" என்றார்.

சுவரில் என் படம். வேலைக்குச் சேர்ந்த வருடம் கம்பெனி கேட் முன்னால் எடுத்தது, நான் நின்றுகொண்டிருப்பேன். அதற்கு மாலை. கீழே நான் செத்த தேதி என்று விபத்து நடந்த தேதி. எனக்குக் கண்ணாடி வந்து, முடி கொட்டி, முகம் ஒட்டிப்போயிருக்கிறது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உமைமா வாயைத் திறந்தாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

"ஆமாங்க, அவளோட வேலை செஞ்சேன்" என்றேன்.

உங்கள் மனைவி நல்லவர். இருந்த அரைமணி நேரத்தில் என்னைப் பற்றி எவ்வளவு கேட்டார்! எனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும், பாடுவேனா, கோபம் வருமா என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வருடா வருடம் அந்தத் தேதியில் நீங்கள் சாப்பிடவே மாட்டீர்களாமே? அதைச் சொல்லி அவர் அழுதார். நான்தான் தேற்றினேன். உங்கள் மாமியார் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பாவம், கட்டையில போனதே மேலு. உயிரோட இருந்திருந்தா இந்தப் பையன் தலையிலதான விழுந்திருக்கும்" என்றார். பிறகு என் நாற்காலியைப் பார்த்துவிட்டு, "உன்னச் சொல்லலம்மா" என்றார். பரவாயில்லைங்க என்றேன். காபி நன்றாக இருந்தது, முழுக்கக் குடித்தேன்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். கையில் காய்கறிப் பை. உங்கள் மனைவி, "ஏங்க, ஹெலனோட வேலை செஞ்சவங்களாம்" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் காத்திருந்தேன். அந்த நிமிஷம் "ஹெலன்" என்று கூப்பிட்டிருந்தால் பத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். உங்களுக்குப் பதிலாக ஜெயிலுக்குக்கூடப் போயிருப்பேன், அவ்வளவு பைத்தியம் நான்.

"வாங்க. எப்ப வந்தீங்க?" என்றீர்கள்.

கூடப் பிறந்தவளை வாங்க போங்க என்று சொல்ல உங்களுக்கு நாக்கு கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை. பாவி!

அந்தக் காகிதத்தை ரயிலிலேயே கிழித்துப் போட்டுவிட்டேன். அண்ணன் யாரும் இல்லை என்ற ஒரு வரி மட்டும்தான் அதில் சரியாக இருந்தது. விசாரணையில் கையெழுத்து எங்கே என்று கேட்டால், அவள் செத்து ஐந்து வருடம் ஆகிறது என்று சொல்லுங்கள். உங்கள் மனைவியைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள், அவர் பொய் சொல்லமாட்டார். செத்தவளின் புகாரைத்தான் சரிபார்த்து ஏற்றேன் என்று சொல்லுங்கள். அந்தப் பெரியவரின் மகன் நம்புகிறானா பார்ப்போம்.

இந்தக் கடிதத்தை ஆபீஸுக்குத்தான் அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பமாட்டேன். பெனிட்டா எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

இங்கே எனக்கு ஜன்னலோரம் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் மாதம் ஒருமுறை வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் பெயரும் உறவும் எழுதிக் கொடுக்க வேண்டும், உங்களுக்குச் சிரமம்.

இப்படிக்கு,
ஹெலனோடு வேலை செய்தவள்